நீர்வழிகளில் காயமடைந்தோரின் சட்ட உரிமைகள் (அமெரிக்கா)

அமெரிக்காவில் கப்பலோடும் நீரில் அடிபட்ட தொழிலாளிக்கு எந்தச் சட்டம் என்பதை நெடுங்காலம் அவருடைய வேலை முடிவு செய்யவில்லை. அடி விழுந்த இடமே முடிவு செய்தது. மாலுமிக்கு மட்டும் பழைய கடல் வழக்கம் துணை நின்றது. பயணத்தில் நோயுற்றாலோ அடிபட்டாலோ, தவறு யாருடையது என்று பாராமல், கப்பல்காரர் சோறும் மருத்துவமும் தந்தாக வேண்டும். இடைக்கால ஒலெரான் விதிகளிலேயே உள்ள இந்தக் கடமையை 1903இல் தி ஒஸியோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளியோ கரைக்கும் நீருக்கும் நடுவில் அகப்பட்டார்.

1914இல் நியூயார்க்கில் ஜென்சன் என்ற தொழிலாளி, கப்பலுக்கும் துறைமேடைக்கும் இடையிலிருந்த பாலத்தில் மரம் ஏற்றிய மின்வண்டியைப் பின்னோக்கி ஓட்டினார். தலையைத் தாழ்த்தாததால் கப்பல் வாயிலின் மேல்விளிம்பில் மோதி, கழுத்து முறிந்து இறந்தார். மனைவிக்கும் இரு குழந்தைகளுக்கும் மாநில ஆணையம் தந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 1917இல் 5க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்தது. கடல்சார் சட்டம் நாடெங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நீதிபதி மக்ரெனால்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் வாதம். துறைமுகத்துக்குத் துறைமுகம் போகும் மாலுமிக்கு அது பொருந்தும். ஒரே துறைமுகத்தில் உழைத்து மாலையில் வீடு திரும்புபவருக்குப் பொருந்தாது. மேலும், உயிரிழப்புக்கு மாநிலச் சட்டம் தரும் இழப்பீட்டை இதே நீதிமன்றம் 1907இல் தி ஹாமில்டன் வழக்கில் நடுக்கடல் விபத்துக்கே ஏற்றிருந்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹோம்ஸ் ஜென்சன் வழக்கில் மாறுபட்டது நியாயமே.

மாநிலச் சட்டங்களுக்கு வழிவிட காங்கிரஸ் இருமுறை முயன்றும், 1920இலும் 1924இலும் நீதிமன்றம் அவற்றைத் தள்ளியது. 1927இல் துறைமுகத் தொழிலாளருக்கென மத்திய இழப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆனால் அதுவும் நீரோடு நின்றது. எல்லை தெளிவாக இருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். வழக்குகளைப் பார்த்தால் அந்தத் தெளிவின் விலை தெரியும். மேடையில் நின்றவரைத் தூக்குச்சுமை அடித்து நீரில் தள்ளிக் கொன்றது. அது கரை விபத்து என்றார்கள் (1928). கப்பல் தளத்தில் நின்றவரை அதேபோல் அடித்துக் கரையில் வீழ்த்தியது. அது கடல் விபத்து (1935). 1969இலும், கிரேன் சுமை திரும்பி வந்து மோதியதில் துறைமேடையில் அடிபட்டவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை என்றே தீர்ப்பு. 1972 திருத்தம்தான் சரக்கேற்றும் மேடைகளையும் அவற்றை ஒட்டிய இடங்களையும் சேர்த்தது.

மாலுமிகள் 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டப்படி முதலாளியின் அலட்சியத்துக்காகவும் வழக்குத் தொடரலாம். பயணிகளுக்கும் உல்லாசப் படகில் அடிபட்டோருக்கும் வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டுக் கெடு. பயணச்சீட்டின் நிபந்தனை அதை ஓராண்டாகக் குறைக்கலாம்.