தட்டிப் பார்த்து வாங்கிய பானை

அந்தக் காலத்தில் பானையைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குவோம்? ஆலைகள் செய்வதும் அதுவே.

1880இல் கியூரி சகோதரர்கள், அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைக் கண்டறிந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அவை அதிர்ந்து, காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும். அவ்வொலியால் உலோகத்தின் உள்விரிசலைக் காணலாம் என்றார் சோவியத் அறிஞர் சோகொலோவ், 1928இல். 1940இல் அமெரிக்கர் ஃபயர்ஸ்டோன் எதிரொலிக் கருவிக்குக் காப்புரிமை கோரினார்.

பிளாஸ்டிக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எஃகில் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும் ஒலி, கெட்டிப் பாலித்தீனில் 2,400 அளவே. சூடேறினால் இன்னும் தளரும். ஆகவே வெப்பத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

முன்பு குழாயை வெட்டி வெர்னியரால் அளப்பார்கள். தவறு தெரிவதற்குள் பல மீட்டர் வீண். இன்று குளிர்நீர்த் தொட்டியில் குழாய் நகரும்போதே எதிரொலி தடிமனைச் சொல்லிவிடுகிறது.

சுவர் மெலிந்த குழாய் மண்ணுக்குள் வெடித்தால், குடத்தோடு தெருவில் நிற்பது நாம்தானே!