விலங்கும் கூடாரமும்

பேய் பிடித்தது என்றனர், வேப்பிலை அடித்தனர். முன்வினை என்றனர், மூலையில் முடக்கினர். உடலைப் போல் மனமும் நோயுறும் என்பதை மறந்தோர், மனிதனுக்கே விலங்கு பூட்டினர். அந்த மூடத்தனம் எத்துணைக் கொடியது என்பதை ஏர்வாடி நமக்குக் காட்டிற்று.

2001 ஆகஸ்டு 6. விடியுமுன் கீற்றுக் கொட்டகையில் தீ மூண்டது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் பறிபோயின. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர் பகைவரா? இல்லை, பெற்றோரும் உடன்பிறந்தாருமே. அன்பற்றவரா? அதுவுமன்று. உறக்கம் கெட்டு, கைப்பொருள் கரைந்து, வழிகாட்டுவாரின்றிச் சோர்ந்தவர் அவருள் எத்தனை பேர்!

வேறு வழியே இல்லையா? இருந்தது. 1950களில், இடநெருக்கடியால் திணறிய அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில், மருத்துவர் வித்யாசாகர் உறவினரை வாயிலோடு திருப்பி அனுப்பவில்லை. வளாகத்திலேயே கூடாரமடித்து நோயாளியுடன் தங்கச் செய்தார். நோய் இன்னது, மருந்து இதற்கு என்று விளக்கினார். 'நமக்கு மட்டுமா இத்துயர்?' என ஏங்கிய தாய், அடுத்த கூடாரத்தில் தன்னைப் போல் ஒருத்தியைக் கண்டாள். 1957இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையமும், குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் முறையையே மேற்கொண்டது.

2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளிக்கு விலங்கிடுவதை அறவே தடுத்தது. இரும்புச் சங்கிலிக்குச் சட்டம் வந்தது. காப்பவர் காலில் கிடக்கும் காணாச் சங்கிலியை அறுப்பது யார்?

காப்பவர் பெரும்பாலும் பெண்: தாய், மனைவி, தமக்கை. அவள் அயர்ந்தால் குற்றம், சிரித்தால் குற்றம், திருமண வீட்டுக்குச் சென்றாலும் குற்றம்! தியாகம் என்று புகழ்ந்தே அவளைத் தேய்க்கும் அப்பேச்சை நாம் ஏற்கோம். எண்ணெய் வற்றிய விளக்கு எவருக்கு ஒளி தரும்? அவள் உறங்குவது கடமை தவறுவதன்று. கடமையைத் தொடர்வதற்கான வழி. வீட்டிலுள்ள ஆண்களும் முறைவைத்து இரவு விழிக்கட்டும். மருத்துவரிடம் நோயாளியின் நிலையோடு தன் சோர்வையும் அவள் தயங்காது சொல்லட்டும்.

தோழர்களே! பேயில்லை என்று மேடையில் முழங்கினோம், நன்று. அது பாதி வேலை. மீதிப் பாதி அடுத்த தெருவில் இருக்கிறது. ஒரு மாலைப்பொழுது அந்த வீட்டுத் திண்ணையில் நோயுற்றவனுக்குத் துணையிருப்போம். அந்தத் தாய் சற்றே கண்ணயரட்டும். அமிர்தசரஸ் கூடாரம் நமக்கு உரைக்கும் பாடம் அதுவே!