மரத்தை விடாத துப்பாக்கி

சீனத்தில் துப்பாக்கிக்குச் 'சியாங்' என்று பெயர். அந்த எழுத்தின் இடப்பக்கம் நிற்பது 'மரம்' என்னும் குறி. இரும்புக் குழாயில் மரத்துக்கு என்ன வேலை? சியாங் என்றால் முதலில் ஈட்டி.

அந்த ஈட்டிக்கு நெருப்பைக் கொடுத்தது 'ஹுவோயாவ்'. ஹுவோ நெருப்பு, யாவ் மருந்து. வெடிமருந்து என்று சொல்லிப் பழகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சாகாமருந்து தேடிய ரசவாதிகளிடமிருந்து வந்த கலவை அது. வெடியுப்பையும் கந்தகத்தையும் தேனோடு சூடாக்கியவர்களின் கையும் முகமும் வெந்ததை, வீடே எரிந்ததைச் சொல்லி எச்சரிக்கும் தாவோ நூல் ஒன்று உண்டு. 1044இல் எழுந்த 'வூசிங் சோங்யாவ்' என்ற படைநூலிலோ அதன் செய்முறை அளவுகளோடு வந்துவிட்டது.

1132இல் தேஆன் நகரம் முற்றுகைக்கு உள்ளானபோது, காத்து நின்ற சென் குய் நீண்ட மூங்கில்களில் மருந்தடைத்து இருபதுக்கு மேற்பட்ட 'ஹுவோசியாங்'குகளைச் செய்வித்தார். நெருப்பீட்டி என்றே சொல்லலாம். ஒன்றைத் தூக்க இருவர் வேண்டும். நூறாண்டு கழித்து, 1233இல், சின் அரசின் வீரர்கள் கையில் அதைக் கிட்டத்தில் பார்க்க முடிகிறது: பதினாறு மடிப்புத் தாளைச் சுருட்டிய இரண்டடிக் குழல், உள்ளே வில்லோ மரக் கரி, இரும்புத்தூள், கந்தகம். குழலை ஈட்டி முனையில் கயிற்றால் கட்டி, தணல் போட்ட சிறு இரும்புச் சட்டியையும் கூடவே சுமந்தார்கள். பற்றவைத்தால் பத்தடிக்குத் தீ பாயும். தீ தீர்ந்தபின்னும் குழல் மிஞ்சும். ஈட்டியும் குத்த மிஞ்சும்.

1259இல் ஷோசுன் நகரில் பெருமூங்கிலுக்குள் தீயோடு சில்லுகளும் போயின. தீ அடங்கியதும் அவை சத்தத்தோடு வெளியே பாய்ந்தன. ஈட்டி துப்பாக்கியானது இங்கேதான் என்பேன்.

பிறகு மூங்கில் வெண்கலமானது. ஹெய்லோங்சியாங்கில் 1970இல் தோண்டியெடுத்த குழல் 34 செ.மீ. நீளம், மூன்றரைக் கிலோ எடை. இத்தகைய குழலுக்கு உலோகக் குறியோடு 'சோங்' என்ற பொருத்தமான சொல் கிடைத்தது. ஜப்பானியர் இன்றும் துப்பாக்கிக்கு அந்த எழுத்தைத்தான் எழுதுகிறார்கள். சீனர் வாயிலோ ஈட்டியே நிலைத்தது.

பீரங்கியைக் குறிக்கும் 'பாவ்' முன்பு கல்லெறி பொறியின் பெயர். கல் குறியோடு எழுதினார்கள். மருந்து வந்தபின் நெருப்புக் குறி ஏறியது. சீனச் சதுரங்கப் பலகையில் இரண்டையும் இன்றும் காணலாம்: பல செட்டுகளில் சிவப்புப் பக்கத்துப் பாவில் நெருப்பு, எதிர்ப்பக்கத்துப் பாவில் கல்.