தீப்பெட்டி ஆபீசும் என் வருகைப் பதிவேடும்

கொஞ்சம் நீளமான பதிவு. நாற்பத்தைந்து நிமிஷம் என் வரலாற்று வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள்தானே, பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த தீப்பெட்டி ஆபீசை மூடிவிட்டார்களாம். அவன் அக்கா சின்ன வயசிலிருந்தே தீப்பெட்டி வேலைதான். அவளும் என் மாணவிதான். "டீச்சர், வேலைவாய்ப்பு வேலைவாய்ப்புன்னு எல்லா அரசாங்கமும் பேசுது. நம்ம கரிசக்காட்டுக்கு டெல்லி என்னைக்காவது ஏதாவது செஞ்சிருக்கா?" என்று கேட்டான்.

"செஞ்சிருக்குப்பா. ஆனா அதுக்குப் பேரு வேலைவாய்ப்புத் திட்டம் இல்ல, வரி" என்றேன். போனில் விளக்கி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், சிவகாசி எல்லாமே வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி இருந்து, தை மாசியில் கம்பு, சோளம், உளுந்து, பருத்தி வீட்டுக்கு வந்தால் உண்டு. பங்குனி பிறந்தால் மண் வெடித்துக் கிடக்கும். அடுத்த புரட்டாசி வரை கைக்கு வேலை இருக்காது. 1876-ல் ரயில் வந்தது. 1901-ல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பருத்தி இருந்ததால் பஞ்சாலைகளும் வந்தன. ஆனாலும் ஆலைக்குள் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். காட்டில் வேலை இல்லாத மாதங்களில் மற்ற வீடுகளில் அடுப்பு எரிய வழியில்லை.

அந்த இடத்தில்தான் தீப்பெட்டி வந்தது.

1920-களின் தொடக்கம் வரை நம் நாட்டில் எரிந்த தீக்குச்சி பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்தது. 1922-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டி மீதான வரியை உயர்த்தியது. கஜானாவை நிரப்பத்தான் அதைச் செய்தது. நமக்கு வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குத் துளியும் கிடையாது. ஆனால் வெளிநாட்டுப் பெட்டி விலை ஏறியதும் உள்நாட்டில் செய்தால் கட்டுப்படியாகும் என்றாகிவிட்டது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்று, 1923-ல் ஊர் திரும்பித் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். அதே காலத்தில் ஸ்வீடன் கம்பெனியும் 'விம்கோ' என்ற பெயரில் இந்தியாவிலேயே பெரிய இயந்திரத் தொழிற்சாலைகளைக் கட்டத் தொடங்கியது.

இயந்திரத்தோடு கை எப்படிப் போட்டி போடும்? மறுபடியும் வரிதான் வழிவிட்டது. 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி போட்டார்கள். பழைய தீப்பெட்டியின் மேல் மெல்லிய காகிதப் பட்டை ஒன்று ஒட்டியிருக்குமே, வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'பேண்ட்ரோல்' என்பார்கள். வரி கட்டியதற்கு அதுதான் அடையாளம். சுதந்திரத்துக்குப் பிறகு உற்பத்தி அளவைப் பார்த்து ஆலைகளை ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். பெரிய இயந்திர ஆலைக்கு அதிக வரி, கையால் செய்யும் சின்ன ஆபீசுக்குக் குறைந்த வரி.

இதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் நாட்டின் முதலீடு இரும்பு ஆலைக்கும் அணைக்கும் கனரக இயந்திரத்துக்கும் போனது. அவற்றில் கோடிகள் இறங்கும், ஆனால் வேலை கொஞ்சம் பேருக்குத்தான். மீதிக் கோடிக்கணக்கான கைகளுக்கு என்ன வழி? 1955-ல் கார்வே குழு ஒரு பதில் சொன்னது. மக்கள் அன்றாடம் வாங்கும் பொருள்களை முடிந்தவரை சிறு தொழிலிலும் கிராமத் தொழிலிலும் செய்யட்டும், அதில் முதலீடு குறைவு, வேலை அதிகம் என்றது. பிறகு 1967-ல் சில பொருள்களைச் சிறுதொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். 47 பொருள்களில் தொடங்கிய அந்தப் பட்டியல் 1977-ல் ஐந்நூறைத் தாண்டியது.

டெல்லியில் போட்ட அந்தக் கணக்கு கரிசலில் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். குச்சி கேரளத்து மரத்திலிருந்து வரும். இங்கே கட்டை அடுக்குவார்கள், மருந்து முக்குவார்கள், பெட்டி ஒட்டுவார்கள், குச்சி அடைப்பார்கள், லேபிள் ஒட்டுவார்கள், பண்டல் போடுவார்கள். மழை இல்லாத வறண்ட காற்று மருந்து காய்வதற்குத் தோதாக இருந்தது. மண்ணின் சாபமே தொழிலின் வரமாயிற்று. நாடு முழுவதும் எரிந்த குச்சியில் பெரும்பகுதி நம் பக்கத்துப் பெண்கள் தொட்ட குச்சி. பங்குனிக்குப் பிறகும் அடுப்பு எரிந்தது. இதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சட்டம் பெட்டியை எண்ணியது, ஆலையின் அளவை எண்ணியது. உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று எண்ணவில்லை. சின்ன ஆபீசுக்கு வரி குறைவு என்றதும் ஒரே முதலாளி நான்கைந்து பெயரில் நான்கைந்து ஆபீஸ் நடத்தினார். ஆள் கணக்கும் சிதறிப்போனதால் தொழிற்சாலைச் சட்டம் உள்ளே வரவில்லை. கூலி நாளுக்கு இல்லை, கட்டைக்கு இவ்வளவு, குரோசுக்கு இவ்வளவு என்று எண்ணித்தான். வேகமாக அடுக்க, சின்ன விரல் நல்லது என்றார்கள். விடியுமுன் ஆபீஸ் பஸ் ஊருக்குள் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

1979-ல் ஒரு கரிசல் கிராமத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் அரசாங்கச் சம்பளம். அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் முப்பத்தெட்டு பெயர் இருந்தது. வகுப்பில் உட்கார்ந்திருந்தது இருபது பேர் கூட இல்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் ஒன்று போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியும். கடைசியாகச் சேர்ந்தவள் நான். அதனால் வராத பிள்ளைகளுக்கும் தினமும் 'வருகை' போட்டேன். போன் செய்தவனின் அக்கா அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. ஆடி மாதத்தோடு நின்றுவிட்டாள். பதிவேட்டில் வருஷக் கடைசி வரை என் வகுப்பில் இருந்தாள்.

என் வேலையைக் காப்பாற்ற நான் ஒரு எண்ணைக் காப்பாற்றினேன். பிள்ளையைக் காப்பாற்றவில்லை. அரசாங்கத்தைக் குறை சொல்லும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும்.

பிறகு மாற்றம் வந்தது, மெதுவாகத்தான் வந்தது. 1956-ல் காமராஜர் பக்கத்து எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வேளைச் சோறு உண்டு என்றானது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்றது. 1996 டிசம்பரில் சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தையை வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பகுதியை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. குழந்தையை வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதாது, வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை வேண்டும் என்று நீதிமன்றம் புரிந்துகொண்டது.

விடிகாலை பஸ் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் பள்ளியில் படித்தார்கள், பலர் கல்லூரிக்கும் போனார்கள். 2008-ல் நூறு நாள் வேலை நம் மாவட்டத்துக்கு வந்தது. 'இந்தக் கூலிக்கு வர மாட்டேன்' என்று ஒரு பெண் சொல்லக்கூடிய நிலை வந்தது. ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் இயந்திரத்துக்கு மாறினார்கள்.

அவர்கள் பக்கமும் பாருங்கள். 1995-ல் ஒரு பெட்டி 25 காசிலிருந்து 50 காசு ஆனது, 2007-ல் ஒரு ரூபாய். அடுத்த 14 வருஷம் ஒரே விலை. 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய். மருந்து, அட்டை, குச்சி எல்லாம் விலை ஏறும்போது பெட்டி விலை ஏறவில்லை என்றால் கூலி எங்கிருந்து ஏறும்? போதாததற்கு மலிவு லைட்டர் வேறு வந்து சேர்ந்தது. 2023-ல் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியைத் தடை செய்யும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது.

இதற்கிடையில் கைக்கு இருந்த பாதுகாப்பும் போய்விட்டது. 2015-ல் சிறுதொழில் ஒதுக்கீட்டுப் பட்டியலில் கடைசியாக இருந்த 20 பொருள்களையும் எடுத்தார்கள். தீப்பெட்டி அதில் ஒன்று. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்று வித்தியாசம் இருந்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவீதம் என்று ஒன்றாக்கினார்கள். நெடுங்காலமாகக் கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நின்ற சுவர் அன்றைக்கு விழுந்தது. பெரிய போராட்டமோ தலைப்புச் செய்தியோ எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தச் சுவரை மறுபடி கட்ட வேண்டுமா? என் மாணவன் அதைத்தான் எதிர்பார்த்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் நாள் முழுக்கக் குனிந்து குச்சி அடுக்குவதை இன்னும் ஐம்பது வருஷம் காப்பாற்றச் சொல்லி நான் கேட்க மாட்டேன். அவள் பேத்திக்கு அது வேண்டாம். ஆனால் வாழ்நாளை அதிலேயே கழித்தவளுக்கு இப்போது என்ன வழி என்று கேட்பேன். நாட்டில் எத்தனை லட்சம் வேலை உருவாக்கினோம் என்று சொல்கிற ஒவ்வொரு அரசாங்கத்திடமும் நீங்களும் கேளுங்கள்: அது யாருக்குக் கிடைத்த வேலை, என்ன கூலி, கை ஓய்ந்த பிறகு என்ன? இந்த மூன்றும் இல்லாத எண், நான் 1980-ல் எழுதிய பதிவேடு மாதிரிதான்.

அன்றைக்கு அவனிடம், "அக்காகிட்ட போனைக் குடு" என்றேன். பதிவேட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். "விடுங்க டீச்சர். அன்னைக்கு நான் போகலேன்னா வீட்ல கஞ்சி ஏது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "படிச்சிருக்கலாம்தான்" என்றாள். பல ஆபீஸ் மாறி மாறி வேலை பார்த்திருக்கிறாள். பி.எஃப். என்று எங்கேயும் பிடித்ததில்லை. கையில் ஒரு காகிதம் கூட இல்லை.

கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. உங்கள் தெருவில் இந்த வேலை பார்த்த அக்காக்கள், அத்தைகள், சித்திகள் எத்தனை பேர் அதில் பதிந்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பதியாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். இவளுக்கு நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன். வருகிற திங்கட்கிழமை தம்பியோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறை அவள் நிஜமாகவே வந்த பிறகுதான் பெயர் எழுதுவேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்