சொந்த ஊர்ப் பிள்ளையைத் தேடிப் போன கல்லூரிகள்



பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, இராஜேந்திர சோழன் கடாரம் கொண்டதைப் பற்றி எழுதுவேன் என்றுதான் அவர் எண்ணியிருப்பார். நான் எழுத எடுத்துக்கொண்டதோ அமெரிக்கக் கூடைப்பந்தின் வரலாறு. "வாத்தியாரே, நம்ம பிள்ளைங்க ஆடுறது காற்பந்து. கூடைப்பந்து சீனப் பள்ளித் திடல்ல ஆடுறது. அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

இந்த ஆட்டத்திற்கு வயது அதிகமில்லை. 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், பனி கொட்டும் காலத்தில் பிள்ளைகள் கூரைக்குள்ளேயே ஆட ஏதாவது வேண்டுமே என்று பீச்சுப்பழக் கூடை இரண்டை மேலே அடித்துத் தொங்கவிட்டார். கூடைப்பந்து என்ற பெயர் வந்த கதை அதுதான். விளையாட்டுகளைக் கண்டுபிடித்தவர்களில் அரசர் உண்டு, படைத்தலைவர் உண்டு. இதைக் கண்டுபிடித்தவர் ஒரு வாத்தியார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆகவே நம் தமிழ் மண்ணுக்கும் இந்தப் பந்துக்கும் நூறாண்டு உறவு உண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள் உண்டு. அம்மாநில மக்களின் வரிப்பணம் அவற்றிற்குப் போகிறது; உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமும் குறைவு. அந்தப் பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்துக் குழுக்களுக்கு உள்ள மவுசு, நம் நாட்டில் மாநிலக் காற்பந்துக் குழுக்களுக்கு உள்ள மவுசைப் போன்றது. உயர்நிலைப் பள்ளிகளில் நன்றாக ஆடும் பிள்ளைகளைத் தேடிப் பயிற்றுநர்கள் ஊர் ஊராகப் போவார்கள். 1956-ல் விளையாட்டுக்கென்றே முழு உதவிச் சம்பளம் தரலாம் என்று விதி வந்தது. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கல்லூரியின் பொறுப்பு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது எப்படிப்பட்ட கதவு என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "நம்ம மாநிலத்துப் பையனை நம்ம கல்லூரி விட்டுடக் கூடாது" என்பது அங்கே டீக்கடைப் பேச்சு, தேவாலய வாசல் பேச்சு எல்லாம்.

இந்தப் பைத்தியம் முற்றிய மாநிலம் இந்தியானா. பெயரைப் பார்த்து இந்தியர்கள் வாழும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். சோளம் விளையும் ஊர். அங்கே 1997 வரை, பெரிய பள்ளி சிறிய பள்ளி என்ற பேதமில்லாமல் எல்லாப் பள்ளிகளும் ஒரே போட்டியில் மோதின. 1954-ல் மைலன் என்ற கிராமத்துப் பள்ளி, மொத்தமே 161 மாணவர்களை வைத்துக்கொண்டு, மாநில வெற்றிக் கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. இறுதி ஆட்டத்தில் மன்சி நகரத்துப் பெரிய பள்ளியை 32க்கு 30 என்று வென்றார்கள். கடைசிப் பந்தைக் கூடையில் போட்ட பாபி பிளம்ப்பை அதே மாநிலத் தலைநகரில் உள்ள பட்லர் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. நம்மைப் போன்ற சின்னப் பள்ளிக்காரர்கள் இதை மனத்தில் போட்டு வைக்கலாம்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அப்படி அமையவில்லை. பிரெஞ்சு லிக் என்று அதே இந்தியானாவில் ஒரு சின்ன ஊர். அங்கே ஆறு பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவன், 1956-ல் பிறந்த லேரி பெர்ட். தாயார் கிடைத்த வேலையெல்லாம் செய்து பிள்ளைகளை வளர்த்தவர். பையனின் ஆட்டத்தைக் கண்டு, மாநிலத்தின் முதன்மையான இந்தியானா பல்கலைக்கழகம் 1974-ல் அவனைச் சேர்த்துக்கொண்டது. பாப் நைட் என்ற பேர்பெற்ற பயிற்றுநர். புளூமிங்டன் நகரில் முப்பதாயிரத்துக்கு மேல் மாணவர்கள். வேறு எந்தப் பையனுக்கும் கிடைக்காத பாக்கியம் என்று ஊரே மெச்சியது.

ஒரு மாதம் ஆகவில்லை, பையன் வீடு திரும்பிவிட்டான். யாரும் அவனை அடிக்கவில்லை, விரட்டவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவன் தொலைந்துபோனான், அவ்வளவுதான். கையில் காசில்லை, மாற்றிக் கட்டத் துணி அதிகமில்லை. ஊருக்கு வந்து நகராட்சி வேலையில் சேர்ந்து குப்பை லாரியில் போனான், புல் வெட்டினான், பூங்கா நாற்காலிகளுக்குச் சாயம் அடித்தான். 1975 தொடக்கத்தில் தகப்பனாரும் இறந்துபோனார்.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த காரணம் இருக்கிறது. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு நான் வேலையில் சேர்ந்த புதிது. என் வகுப்பில் ஒரு பையன். ஓட்டத்தில் அவனை மிஞ்ச வட்டாரத்திலேயே ஆளில்லை. ஆறாம் ஆண்டு முடித்ததும் தங்கிப் படிக்கும் பெரிய பள்ளி ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்தது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். தோட்டமே கூடி வழியனுப்பியது. கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். நான் ஒரு ஜோடி காலணி வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். "என்னடா, லீவா?" என்றேன். "இல்ல சார், வந்துட்டேன்" என்றான். அங்கே தமிழில் பேச ஒருத்தரும் இல்லையாம். இராத்திரியில் தூக்கம் வரவில்லையாம். அந்தப் பள்ளியிலிருந்து யாரும் அவனைத் தேடி வரவில்லை. அது அவர்கள் குறை. ஆனால் நானும் அவனைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய் விடவில்லையே! 'சின்னப் பையன், பழகல' என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் வகுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். இன்று அவன் நீலாய்ப் பக்கம் லாரி ஓட்டுகிறான். நல்ல பிள்ளை; வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வான். அந்த வணக்கம்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

லேரி பெர்ட்டைத் தேடி ஆள் வந்தது. டெர்ரி ஹோட் நகரில் இந்தியானா ஸ்டேட் என்று இன்னொரு அரசுப் பல்கலைக்கழகம். முன்னதைவிடச் சிறியது, பேரும் குறைவு. அங்கே துணைப் பயிற்றுநராக இருந்த பில் ஹாட்ஜஸ் காரை எடுத்துக்கொண்டு பிரெஞ்சு லிக்குக்கு வந்தார். தாயாருக்குப் பிடிக்கவில்லை, பையனை மறுபடியும் நோகடிக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். ஹாட்ஜஸ் அதோடு வண்டியைத் திருப்பவில்லை. ஊரைச் சுற்றிவந்து, துணி துவைக்கும் கடையிலிருந்து பாட்டியோடு வெளியே வந்த பையனைப் பிடித்துப் பேசினார். பையன் சேர்ந்தான். ஒன்றைக் கவனியுங்கள்: புளூமிங்டனைவிட டெர்ரி ஹோட் அவன் ஊருக்குத் தூரம். ஆக, தூரம் மட்டுமே அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

பிறகு நடந்தது விளையாட்டு வரலாற்றில் நின்றுவிட்டது. 1978-79 பருவத்தில் இந்தியானா ஸ்டேட் 33 ஆட்டங்கள் தொடர்ந்து வென்று தேசிய இறுதிக்குப் போனது. எதிரே வந்தது மிச்சிகன் ஸ்டேட். அதன் நட்சத்திரம் எர்வின் ஜான்சன், 'மேஜிக்' என்று உலகம் அழைக்கும் அந்தக் கறுப்பின இளைஞன். லான்சிங் நகரில் மோட்டார் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன். பக்கத்திலேயே இருந்த மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவன். 1979 மார்ச் 26-ல் நடந்த ஆட்டத்தில் 75க்கு 64 என்று மிச்சிகன் ஸ்டேட் வென்றது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் எதற்கும் அவ்வளவு பெரிய பங்கு பார்வையாளர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இருவரும் தத்தம் மாநிலத்து மண்ணில் முளைத்தவர்கள். அதில் ஒருவன் நான்கு ஆண்டுகளுக்கு முன் குப்பை லாரியில் போனவன்!

'சொந்த மாநிலத்துப் பிள்ளை' என்பதில் இன்னொரு வழக்கும் இருக்கிறது. யார் சொந்தம் என்று யார் முடிவு செய்வது? 1947-ல் இந்தியானாவின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரன் என்று பட்டம் பெற்றவன் ஷெல்பிவில் ஊர்ப் பில் காரெட். பள்ளிக்கு மாநிலக் கிண்ணத்தையும் வாங்கிக் கொடுத்தவன். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுகூட அவனைக் கூப்பிடவில்லை. காரணம், அவன் கறுப்பினத்தவன். சட்டத்தில் எழுதவில்லை, பயிற்றுநர்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட வாய்மொழி ஏற்பாடு. எழுதாத சட்டத்தை எதிர்த்து எங்கே மனு கொடுப்பது? கறுப்பின மக்களுக்கான ஒய்.எம்.சி.ஏ. கிளையை இண்டியானாபொலிஸில் நடத்திய ஃபேபர்ன் டிஃப்ரான்ட்ஸ் முதலிய பெரியவர்கள் நேராக இந்தியானா பல்கலைக்கழகத் தலைவர் ஹெர்மன் வெல்ஸிடம் போய் உட்கார்ந்து பேசினார்கள். கதவு திறந்தது. படிப்பு முடிவதற்குள் காரெட் அப்பல்கலைக்கழகத்தில் அதுவரை யாரும் எடுக்காத புள்ளிகளை எடுத்தான்.

இருந்தும் வழி முழுக்கச் சீராகிவிடவில்லை. இண்டியானாபொலிஸில் கறுப்பினப் பிள்ளைகளை ஒதுக்கிவைப்பதற்காகவே 1927-ல் கட்டிய பள்ளி கிறிஸ்பஸ் அட்டக்ஸ். 1942 வரை மாநிலப் போட்டியில் அதைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. 1955-ல் அப்பள்ளி வென்றது, 1956-ல் ஓர் ஆட்டமும் தோற்காமல் மறுபடி வென்றது. வென்ற குழு நகர நடுவில் கொண்டாடுவது வழக்கம். இவர்களை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, கறுப்பின மக்கள் குடியிருந்த பக்கத்துப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்குழுவின் நாயகன் ஆஸ்கர் ராபர்ட்சன், சிறுவயதில் பந்து வாங்கக் காசில்லாமல் கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டி எறிந்து பழகியவன், மாநிலத்தை விட்டு வெளியேறி ஒஹாயோவில் உள்ள சின்சினாட்டி பல்கலைக்கழகத்திற்குப் போனான். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றான். பில் காரெட்டோ வாத்தியாராகி, அந்த அட்டக்ஸ் பள்ளிக்கே பயிற்றுநராகப் போய் 1959-ல் மீண்டும் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். மிசிசிப்பி மாநிலம் பருத்திக்காட்டு நாடு. நம் முன்னோர் கித்தாக் காட்டில் பட்டதை அங்கே கறுப்பின மக்கள் பருத்திக் காட்டில் பட்டார்கள். மின்டர் சிட்டி என்ற இடத்தில் குத்தகைக் குடியானவரின் பதினொரு பிள்ளைகளில் பத்தாவது, லூசியா ஹாரிஸ். பருத்தி எடுத்த கை. ஆறடி மூன்றங்குல உயரம்; பள்ளியில் கேலி செய்யாத ஆளில்லை. 1972-ல் பெண்களுக்கும் கல்வி நிலையங்களில் சம வாய்ப்பு வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, பக்கத்திலிருந்த டெல்ட்டா ஸ்டேட் கல்லூரி, 1932-ல் கைவிட்ட பெண்கள் குழுவை மறுபடி தொடங்கியது. பயிற்றுநர் மார்கரெட் வேட், அன்று குழுவைக் கலைத்தபோது அதில் ஆடிக்கொண்டிருந்த பெண்மணி! நாற்பது ஆண்டு காத்திருந்தவர். அக்கல்லூரியிலிருந்து ஆள் போய் லூசியாவைக் கேட்டார்கள். அவள் வேறொரு கல்லூரிக்குப் போக இருந்தாள். அங்கே பெண்கள் குழு கிடையாது. டெல்ட்டா ஸ்டேட்டில் சேர்ந்தாள். குழுவில் கறுப்பினப் பெண் அவள் ஒருத்திதான். 1975, 1976, 1977 என்று மூன்றாண்டும் தேசிய வெற்றி. 1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, முதல் பந்தைக் கூடையில் போட்டவள் இந்தப் பருத்திக்காட்டுப் பெண்தான். பின்னாளில் தான் படித்த உயர்நிலைப் பள்ளிக்கே திரும்பிப் போய் ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் வேலை செய்தார். 2022-ல் காலமானார்.

இப்போது அங்கே நிலைமை மாறிவிட்டது. 2021 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தம் பெயரை வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம். ஒரு கல்லூரியை விட்டு மறுகல்லூரிக்குத் தாவுவதும் சுலபம். நல்லதா கெட்டதா என்று அவர்களே அடித்துக்கொள்கிறார்கள். நாம் நடுவில் போக வேண்டாம்.

நம் நாட்டிலும் புக்கிட் ஜாலிலில் 1996 முதலும், ஜொகூர் பண்டார் பெனாவாரில் 1998 முதலும் விளையாட்டுப் பள்ளிகள் இருக்கின்றன. ஓடுகிற, பந்தாடுகிற பிள்ளை இருந்தால் ஆண் பெண் பார்க்காமல் என்னிடம் சொல்லுங்கள். விண்ணப்பம் நான் பூர்த்தி செய்து தருகிறேன். இடம் கிடைத்தால் முதல் மாதம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெற்றோரில் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். வேலை நாள், பஸ் காசு என்று தயங்குகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த ஞாயிறு நான் போகிறேன்.