அயோனாவின் கன்னியர் மடம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், மல் தீவை ஒட்டிக் கிடக்கும் சிறு தீவு அயோனா. அதன் பெயரைச் சொன்னால் கிறிஸ்தவ உலகம் நினைப்பது புனித கொலம்பாவை. அயர்லாந்திலிருந்து 563-இல் வந்து அவர் நிறுவிய துறவியர் மடத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஏராளம். படகுத்துறையிலிருந்து அந்த இடத்துக்கு நடக்கும் வழியில், இளஞ்சிவப்பு கிரானைட் கற்களால் கட்டிய இன்னொரு மடம் கூரையிழந்து நிற்கிறது. அது பெண்களின் மடம். அயோனாவின் வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை என்பதே என் எண்ணம்.

1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை ஆண்ட சோமர்லெட்டின் மகன் ரெனால்ட் இங்கே இரு மடங்களை நிறுவினார். ஆண்களுக்கானது பெனடிக்ட் சபையுடையது. பெண்களுக்கானது அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றியது. பெண்கள் மடத்தின் முதல் தலைவி ரெனால்டின் உடன்பிறந்தாள் பெதோக். ஸ்காட்லாந்தில் அகுஸ்தினார் கன்னியர்க்கு இதைத் தவிர பெர்த் நகரில் மட்டுமே ஒரு மடம் இருந்தது. பெதோக்கின் பெயரையும் தந்தை வழியையும் பொறித்த கல்லறைக் கல் 17-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. மார்ட்டின் மார்ட்டின் என்ற பயணி அதைப் படித்து எழுதிவைத்தார்.

மடத்தின் ஏடுகள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே கற்களைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. 1543-இல் மறைந்த தலைவி அன்னா மக்லீனின் கல்லறைப் பலகை இவற்றுள் தலையாயது. மேற்பாதியில் துறவாடை அணிந்த அன்னா. அவர் பக்கத்திலேயே அவர் வளர்த்த சிறு நாய்கள். கீழ்ப்பாதியில் அன்னை மரியாளின் உருவம். ஜெபமும் ஒழுங்கும் நிறைந்த வாழ்வுக்குள் நாய்க்குட்டிகளுக்கும் இடமிருந்ததை இந்த ஒரு கல்தான் நமக்குச் சொல்கிறது. எந்த ஏடும் இதை எழுதியிருக்காது.

1560-இல் ஸ்காட்லாந்து சீர்திருத்தச் சபையின் பக்கம் திரும்பியபின் மடம் மடமாக நீடிக்கவில்லை. ஆனாலும் தீவின் பெண்களை அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்துவந்தார்கள். 1772-இல் பென்னன்ட் என்ற பயணி வந்தபோது கோயிலின் தரை முழுவதும் மாட்டுச் சாணம்; காசு கொடுத்து ஒரு பகுதியைச் சுத்தம் செய்யச் சொல்லித்தான் அன்னாவின் கல்லைப் பார்த்தார். அடுத்த ஆண்டு வந்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனும் அந்தக் கோயிலை மாட்டுத் தொழுவமாகவே கண்டார். 1830-ஐ ஒட்டிப் பீடப்பகுதியின் கல்வளைவுக் கூரை இடிந்து அன்னாவின் பலகையின் மேல் விழுந்தது. மரியாளின் உருவம் இருந்த பாதி அத்துடன் போயிற்று.

1920-களில் இடிபாடுகளைப் பாதுகாக்கும் பணி நடந்தபோது, ஒளித்துவைக்கப்பட்டிருந்த நான்கு இடைக்கால வெள்ளிக் கரண்டிகள் இங்கே கிடைத்தன. ஆண்கள் மடமோ 1938 முதல் போதகர் ஜார்ஜ் மக்லியோட் தலைமையில் மீண்டும் எழுப்பப்பட்டு இன்று ஜெப வீடாக இயங்குகிறது. கன்னியர் மடத்தை யாரும் திருப்பிக் கட்டவில்லை. அதனாலேயே 13-ஆம் நூற்றாண்டுக் கொத்தர்களின் கைவேலையை, பின்னாளின் கலப்பு அதிகமில்லாமல், இங்கேதான் பார்க்க முடிகிறது. நடுமுற்றம், அதைச் சுற்றிய உணவறையும் கூட்ட அறையும், கோயிலின் வடபுறச் சிற்றாலயம் என ஒரு பெண்கள் மடத்தின் அமைப்பை அடிச்சுவர்களைக் கொண்டே இன்றும் தொடர்ந்து நடந்து பார்க்கலாம்.