இரும்புப் பல்லும் ரப்பர் பட்டனும்

அமெரிக்க வயல்களில் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் டிராக்டர்கள் பரவத் தொடங்கிய 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில், அவற்றுக்கு எந்த டயரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. காற்றடைத்த டயரை ஜான் பாய்ட் டன்லப் 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் சைக்கிளுக்காக உருவாக்கி, அது மோட்டார் காருக்கும் லாரிக்கும் வந்து சேர்ந்த பின்னரும், டிராக்டர் மட்டும் இரும்புச் சக்கரத்திலேயே உருண்டுகொண்டிருந்தது. அகன்ற இரும்பு வளையத்தின் வெளிப்புறத்தில் மண்வெட்டி முனைபோன்ற தகடுகளை வரிசையாகப் பொருத்தி, அவை மண்ணைக் கவ்வி இழுக்கும்படி செய்திருந்தார்கள். இத்தகடுகளை இங்குப் பல் என்று குறிப்பிடலாம். உழவுக்கு இந்தப் பல் போதுமானதாக இருந்தது. ஆனால் வயலின் வரப்பைத் தாண்டியதும் அதுவே இடைஞ்சலாயிற்று.

கல் பாவியும் தார் ஊற்றியும் புதிதாகப் போட்ட சாலைகளைப் பல் வைத்த சக்கரங்கள் கொத்திக் கிழித்ததால், பல மாநிலங்கள் அவற்றைச் சாலையில் ஓட்டத் தடை விதித்தன. விவசாயிகள் பல்லின்மேல் இரும்புப் பட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து, வயலை அடைந்ததும் அதைக் கழற்ற வேண்டியிருந்தது. சேற்று வயலில் தொழி அடித்துவிட்டு, கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தைக் கழற்றாமல் தார்ச்சாலையில் ஏறும் டிராக்டரைக் கண்டிருக்கும் காவிரிப் படுகை மக்களுக்கு, அந்தச் சட்டத்தின் நியாயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ரப்பரை நோக்கிய முதல் நகர்வு தானிய வயல்களிலிருந்து வரவில்லை. புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களிலிருந்து வந்தது. அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் மரத்தின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்திருப்பதால், மரவரிசைகளுக்கு இடையே டிராக்டர் போய்வரும் ஒவ்வொரு முறையும் இரும்புப் பல் வேர்களை அறுத்தது. இதற்கு மாற்றாகத் தோட்டக்காரர்கள் 1920களின் பிற்பகுதியில், தேய்ந்து ஒதுக்கப்பட்ட லாரி டயர்களின் உறையை இரும்புச் சக்கரத்தின்மேல் இழுத்து மாட்டி, காற்றே அடைக்காமல் ஓட்டிப் பார்த்தனர். பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1931இல் விற்பனைக்குக் கொண்டுவந்த காற்றில்லா டிராக்டர் டயர் ஏறத்தாழ இதே கருத்தைத் தொழிற்சாலையில் செம்மைப்படுத்தியதுதான்.

காற்றடைத்த டயருக்கு டிராக்டரில் நிலையான இடம் கிடைத்தது 1932இல். மில்வாக்கி நகரைச் சார்ந்த அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம், தன் 'யு' வகை டிராக்டரில் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் விமான டயர்களைப் பொருத்தி, விஸ்கான்சின் மாநிலத்தின் வாக்கேஷா பகுதிப் பண்ணை ஒன்றில் சோதித்தது. லாரி டயரைப்போல இறுக்கமாகக் காற்றடைத்தால் சக்கரம் மண்ணில் வழுக்கியது. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு அழுத்தமே வைத்தபோது, டயரின் அடிப்பகுதி தளர்ந்து மண்ணோடு அகலமாகப் படிந்து பிடித்துக்கொண்டது. பின்னர் வந்த வயல் டயர்கள் அனைத்துக்கும் குறைந்த காற்றே அடிப்படையாக அமைந்தது.

விவசாயிகள் இதை எளிதில் நம்பவில்லை. ரப்பர் முள்ளில் கிழியும், ஈரத்தில் சறுக்கும் என்ற ஐயத்தைப் போக்க, அல்லிஸ்-சால்மர்ஸ் கார்ப் பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை டிராக்டரில் அமர்த்தி, 1933இல் மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட வைத்தது. உழவுக்கு அந்த வேகத்தால் பயனில்லை. அது விளம்பரக் கூத்துதான். டிராக்டர்களைச் சட்டப்படி சோதித்துச் சான்றளிக்கும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் களத்தில், 1934இல் அதே நிறுவனத்தின் 'டபிள்யூசி' வகை டிராக்டர் இரும்பிலும் ரப்பரிலும் ஓட்டி ஒப்பிடப்பட்டதே உறுதியான சான்றாயிற்று.

இரண்டாம் உலகப் போர் ரப்பரை நோக்கிய இந்த ஓட்டத்தை இடையில் நிறுத்தியது. அமெரிக்காவுக்கு வந்த ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலும் விளைந்தது. மலாயாத் தோட்டங்களில் ரப்பர் மரத்தைப் பால்மரம் என்றழைத்து, விடியுமுன் எழுந்து அதன் பட்டையைச் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்ற கூலித் தொழிலாளர்கள். 1942இல் ஜப்பான் அப்பகுதியைக் கைப்பற்றியதும், புதிய டிராக்டர்கள் பல மீண்டும் இரும்புச் சக்கரத்தோடு ஆலையை விட்டு வெளிவந்தன. அமெரிக்க மெனோனைட் கிறிஸ்தவர்களில் பழைமை பேணும் சில பிரிவினரோ இன்றும் இரும்பை விடவில்லை. ரப்பர் பூட்டினால் டிராக்டர் காரைப்போலச் சாலையில் ஊர்சுற்றப் பயன்பட்டுவிடும் என்பதே அவர்களின் அச்சம். டயர் ஓர் இயந்திரம் எங்கே நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதை இவர்கள் அளவுக்குத் தெளிவாக உணர்ந்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

போருக்குப்பின் புறநகர் வீடுகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும் பெருகியபோது, வீட்டுத் தோட்டத்துக்கான சிறிய தோட்ட டிராக்டர் செழித்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 'கப் கேடட்' 1961இலும், ஜான் டியரின் '110' 1963இலும் வந்தன. ஒரே சிறு இயந்திரம் வசந்தத்தில் காய்கறிப் பாத்தியை உழவும், கோடையில் புல்லை வெட்டவும், பனிக்காலத்தில் பனியைத் தள்ளவும் வேண்டியிருந்ததால் டயர்த் தேர்வு சிக்கலாயிற்று. இன்று ஆர்-1 எனக் குறிக்கப்படும் உழவு டயரில், தமிழக ஓட்டுநர்கள் பட்டன் என்று சொல்லும் ரப்பர்க் கட்டைகள் உயரமாக, இரு சாய்வு வரிசைகளாக நடுவில் கூடும். அக்கூட்டு முனை முதலில் தரையைத் தொட்டு, சேற்றை இருபுறமும் வெளியே தள்ளுவதால் இடுக்குகள் அடைபடுவதில்லை. டயரைத் திசை மாற்றிப் பூட்டினால் சேறு உள்நோக்கித் திரண்டு அப்பிக்கொள்ளும். ஆர்-3 எனப்படும் புல்தரை டயரிலோ பட்டன்கள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் இருந்து, எடையைப் பரப்பிப் புல்லின் வேரைக் காக்கின்றன. புளோரிடாத் தோட்டக்காரரின் பழைய கவலையே இங்கு வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

தோட்ட டிராக்டரின் பின்சக்கர டயரின் பக்கவாட்டில் 23×10.50-12 என்று பொறித்திருந்தால், வெளிவிட்டம் 23 அங்குலம், அகலம் பத்தரை அங்குலம், உள்ளே பொருந்தும் ரிம் 12 அங்குலம் என்று பொருள். பிடிப்புக்கு எடை கூட்ட டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைத்த நீரை நிரப்பும் வழக்கம் பெரிய டிராக்டரிலிருந்து வந்தது. அது குளிரில் உறையாது என்றாலும், கசிந்தால் ரிம்மை அரித்துவிடும் என்பதால் வார்ப்பிரும்பு எடைகளை மாட்டுவோரும் உண்டு. உழவு, புல்வெட்டு ஆகிய இரண்டு வேலையையும் ஒரே டயரில் முடிக்க விரும்பாதவர்கள் ரிம்மோடு இரண்டு இணைச் சக்கரங்களை வாங்கி வைத்து, உழவு முடிந்து புல் வளரத் தொடங்கியதும் ஜாக்கி வைத்துத் தூக்கி, போல்ட்களைக் கழற்றி, ஆர்-1ஐக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆர்-3ஐ மாட்டுகிறார்கள்.